தோட்டத் திடலும் பயிற்றுநர் நாற்காலியும்: நெகிரி செம்பிலான் தமிழர் காற்பந்தின் ஆள்சேர்ப்பு வரலாறு

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைநகரான சிரம்பானைச் சேர்ந்த லோபாக், சீனரும் தமிழரும் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்துவரும் குடியிருப்புப் பகுதியாகும். ஜாலான் லோபாக் தமிழ்ப்பள்ளியும் அதே பெயரைத் தாங்கிய மாநிலச் சட்டமன்றத் தொகுதியும் அதன் இருப்பை வரைபடத்தில் உறுதிசெய்கின்றன. லாபு, கொம்போக், பிராட்வால், அதர்டன், சுவா பெத்தோங் எனப் பெயர் பெற்ற ரப்பர் தோட்டங்கள் இம்மாநிலத்தில் செழித்திருந்த காலம் தொட்டு, நகரத்திலும் தோட்டத்திலும் தமிழரிடையே ஓயாது நிகழ்ந்துவந்த உரையாடல்களுள் காற்பந்து பற்றியதும் ஒன்று. மாநில அணி தோற்றால் பயிற்றுநரை மாற்ற வேண்டும் என்றும், வென்றால் அவரை விட்டுவிடக் கூடாது என்றும் ரசிகர்கள் வாதிடுவது எங்கும் காணப்படும் வழக்கமே. ஆயினும், அந்தப் பயிற்றுநரின் கைக்கு ஆட்டக்காரர்கள் எவ்வழியே வந்து சேர்ந்தனர் என்ற வினாவே இம்மாநிலக் காற்பந்தின் ஏற்ற இறக்கங்களைக் கூடுதலாக விளக்கவல்லது.

இவ்வினாவை அமெரிக்கர்கள் வெளிப்படையாகவே கேட்டுப் பழகியவர்கள். அங்கே, நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் பல்கலைக்கழகங்களின் பெயரால் ஆடப்படுகின்றன. 1906ஆம் ஆண்டில் உருவான அமைப்பொன்று, பின்னர் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமாகப் பெயர் மாறி, அவற்றை நெறிப்படுத்துகிறது. கல்லூரிப் பயிற்றுநர் களத்தில் வியூகம் வகுப்பதோடு நில்லாமல், உயர்நிலைப் பள்ளிகளில் பயிலும் சிறந்த மாணவரைக் கண்டறிந்து, உதவித்தொகை அளித்துத் தம் அணிக்கு ஈர்க்கவும் கடமைப்பட்டவர். மலாயாவில் பல்கலைக்கழகம் இந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. அந்த இடத்தில் முதலில் தோட்டமும், பிறகு அரசுத் துறைகளும் நிறுவனங்களும் நின்றன. அங்கே உதவித்தொகை ஈர்த்தது என்றால், இங்கே வேலை ஈர்த்தது.

தோட்டச் சமூகமே ஆள்சேர்ப்பின் விளைவாகப் பிறந்ததாகும். கங்காணி எனப்பட்டவர், தோட்டத்தில் வேலை பார்த்த மூத்த தொழிலாளியாக இருந்து, நிருவாகத்தின் சார்பில் தம் சொந்த ஊருக்குத் திரும்பி, உறவினரையும் ஊராரையும் திரட்டிக் கப்பலேற்றி வருபவர். திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களின் குடும்பங்கள் பல இவ்வாறே மலாயாவை அடைந்தன. 1907ஆம் ஆண்டில் முதலாளிகளின் பங்களிப்பைக் கொண்டு ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி இந்த வருகையைப் பெருக்கியது. 1938ஆம் ஆண்டில் உடலுழைப்புத் தொழிலாளரின் உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு தடுத்தபோது அம்முறை முடிவுக்கு வந்தது. வந்தவர்கள் லயம் எனப்பட்ட வரிசை வீடுகளில் ஊர்வாரியாகவும் உறவுவாரியாகவும் குடியமர்த்தப்பட்டமையால், ஒரு தோட்டத்தின் அணி என்பது தொடக்கத்திலிருந்தே ஒருவரையொருவர் நன்கறிந்த மக்களின் அணியாக அமைந்தது.

காற்பந்து தோட்டத்தில் வேர்கொள்வதற்குத் தொழிலின் கால ஒழுங்கும் துணைபுரிந்தது. குளிர்ந்த வேளையிலேயே ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும் என்பதால், விடியுமுன் பெரட்டு எனப்பட்ட ஆள்கணக்கெடுப்பு முடிந்து, இருள் பிரியும்போதே மரம் வெட்டுதல் தொடங்கிவிடும். பால் சேகரித்து நிறுத்துக் கொடுத்த பின் பிற்பகலும் மாலையும் பெரும்பாலும் தொழிலாளரின் கையில் எஞ்சின. நிலத்திற்கும் தோட்டத்தில் பஞ்சமில்லை. அலுவலகத்துக்கோ கோயிலுக்கோ பள்ளிக்கோ அருகில் ஒரு திடலைச் சமன்படுத்திக்கொள்வது நிருவாகத்துக்கு எளிய செலவாகவே இருந்தது. ஆங்கிலேயத் துரைமார் தாங்களே பந்தாடியவர்கள் என்பது ஒரு காரணம். மாலைப்பொழுதில் தொழிலாளரை ஒழுங்குக்குள் வைத்திருக்க விளையாட்டு உதவும் என்ற கணக்கு மற்றொன்று. கள்ளுக்கடை உரிமத்தோடு தோட்டத்துக்குள்ளேயே நடைபெற்றுவந்த அக்காலத்தில், மதுவை எதிர்த்த சீர்திருத்தவாதிகளும் பின்னர் தொழிற்சங்கத்தாரும் இளைஞரைத் திடலின் பக்கம் திருப்ப விரும்பினர். நோக்கங்கள் வேறுபட்டாலும், துரையும் சங்கத்தாரும் ஒரே பந்தை ஊக்குவித்தது கவனிக்கத்தக்கது.

தோட்டங்களுக்கிடையே போட்டிகள் வழக்கமானபோது, ஆட்டக்காரரைத் தேடும் பழக்கமும் உடன் வந்தது. கிராணி என அழைக்கப்பட்ட தோட்ட எழுத்தரும், தமிழ்ப்பள்ளி ஆசிரியரும், மருத்துவ உதவியாளரும் அணியை நடத்துபவர்களாக விளங்கினர். ஆங்கிலம் அறிந்து, பக்கத்துத் தோட்டத்தாரோடு கடிதம் எழுதித் தொடர்புகொள்ளக் கூடிய இவர்களே முதல் தெரிவாளர்களும் முதல் பயிற்றுநர்களும் ஆவர். நன்றாக ஆடக்கூடிய இளைஞனுக்கு வெயிலில் நிற்க வேண்டாத பணியொன்றை ஒதுக்குவதும், அண்டைத் தோட்டம் சிறந்த வேலையைக் காட்டி அவனை அழைத்துக்கொள்வதும் அக்கால வழக்கிற்கு அந்நியமானவையல்ல. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டிய பொறுப்பை முதலாளி மீது சுமத்தியமையால் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. அவற்றின் கல்வித்தரம் குறைபாடுடையதாயினும், சிறுவர்களை அன்றாடம் ஓரிடத்தில் திரட்டிக் கண்காணிக்கும் வாய்ப்பை அவையே அளித்தன.

தோட்டத்திலிருந்து நகரத்துக்குச் செல்லும் ஏணியின் அடுத்த படி ஆங்கிலப் பள்ளிகளும் அரசுத் துறைகளும் ஆகும். சிரம்பானில் செயின்ட் பால்ஸ், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பள்ளி ஆகிய இரண்டும் படிப்பைப் போலவே விளையாட்டிலும் பெயர் பெற்றவை. மலாயா போர்க்கப்பலின் பெயரால் 1921ஆம் ஆண்டில் தொடங்கிய மலாயா கிண்ணப் போட்டி, மாநிலங்களுக்கிடையிலான போட்டியுணர்வை வளர்த்து, பின்னர் மலேசியக் கிண்ணமாக நீடித்தது. அக்கிண்ணத்தை நெகிரி செம்பிலான் முதன்முறையாக 1948ஆம் ஆண்டில் வென்றது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, தோட்ட மக்கள் முள்வேலிக்குள் மறுகுடியமர்த்தப்பட்டதும் ஊரடங்குக்கு உட்படுத்தப்பட்டதும் தோட்டங்களுக்கிடையிலான போக்குவரத்தைக் கட்டுப்படுத்தின. மாநிலத்தில் பிறந்த திறமை மாநிலத்திலேயே தங்கவும் இல்லை. ரந்தாவ் வட்டாரத்தில் பிறந்து, பந்தின் அரசர் எனப் போற்றப்பட்ட அப்துல் கனி மின்ஹாட் புகழ் பெற்றது சிலாங்கூர் அணியின் சீருடையில்தான்.

இந்த ஈர்ப்பின் விசை வேலைவாய்ப்பே. 1989ஆம் ஆண்டில் பகுதித் தொழில்முறை லீக் தொடங்கும்வரை மலேசியக் காற்பந்து பெயரளவில் பொழுதுபோக்கு ஆட்டமாகவே இருந்தது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் பந்துக்காக அன்றி, காவல்துறை, ரயில்வே, மின்வாரியம், மாநில வளர்ச்சிக் கழகம் முதலியவற்றில் பார்த்த பணிக்காக வழங்கப்பட்டது. தோட்டத்து இளைஞனுக்கு, ஓய்வூதியத்தோடு கூடிய அரசுப் பணி என்பது கிண்ணத்தைக் காட்டிலும் பெரிய பரிசு. இம்முறை உச்சத்தில் இருந்தபோது தேசிய அணியில் தமிழர் பெயர்கள் தவறாது இடம்பெற்றன. 1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில், எம். சந்திரன், வி. கிருஷ்ணசாமி ஆகியோரைக் கொண்ட மலேசிய அணி, கல்லூரிகளில் ஆடிப் பழகிய இளைஞர் பலரைக் கொண்ட அமெரிக்க அணியை 3-0 என்ற கணக்கில் வீழ்த்தியது. வேலை வழி ஆள்சேர்ப்பும் கல்வி வழி ஆள்சேர்ப்பும் ஒரே களத்தில் எதிர்கொண்ட அரிய தருணம் எனலாம். நீண்ட கைகளுக்காகச் சிலந்தி மனிதர் எனப்பட்ட கோல்காவலர் ஆர். ஆறுமுகம், 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியின் தூணாக விளங்கினார். மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்தது. ஆறுமுகம் 1988ஆம் ஆண்டில் சாலை விபத்தில் மறைந்தார்.

தமிழர் ஏன் காற்பந்தைப் பற்றிக்கொண்டனர், கூடைப்பந்தை ஏன் பற்றவில்லை என்பதை லோபாக் போன்ற கலப்புக் குடியிருப்பிலிருந்து நோக்கினால் தெளிவு கிடைக்கும். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் வகுத்த கூடைப்பந்து, கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் வழியாக அதே பத்தாண்டுக்குள் சீனாவின் தியான்ஜினை அடைந்து, அங்கிருந்து சீனப் பள்ளி மரபின் ஓர் அங்கமாக மலாயாவுக்கு வந்தது. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட சிமெண்டுத் தளம் நகரப் பள்ளியின் முற்றத்திலேயே அடங்கும்; சிரம்பானின் சுங் ஹுவா போன்ற சீன உயர்நிலைப் பள்ளிகள் தொடக்கப்பள்ளி மாணவரைத் தொடர்ந்து வளர்த்துக் கொண்டுசெல்லும் தொடர்ச்சியையும் பெற்றிருந்தன. தமிழ்ப்பள்ளியோ ஆறாம் ஆண்டோடு முடிவடைவது. அதன் பின் பிள்ளைகள் மலாய்மொழி இடைநிலைப் பள்ளிகளில் சிதறிச் சேர்கின்றனர். ஆகவே, சீனரின் கூடைப்பந்தைப் பள்ளி தாங்கியது. தமிழரின் காற்பந்தைத் தோட்டத்து நிலம் தாங்கியது. முன்னது நகரமயத்தில் பிழைத்திருந்தது. பின்னது நிலம் கைமாறியபோது ஆட்டம் கண்டது.

நிலம் கைமாறுவது சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. ஆங்கிலேய நிறுவனங்கள் சில தம் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்றன. 1960களுக்குப் பின் ரப்பர் இருந்த இடங்களில் எண்ணெய்ப்பனை பரவி, குறைந்த ஆட்களைக் கொண்டே வேலை நடந்தது. 1990கள் தொடங்கிச் சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்ட நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு மலிவு விலை அடுக்ககத்தில் வீடு கிடைத்தாலும், திடலும் அணியும் அவற்றை நடத்திய கிராணியும் கிடைக்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் காற்பந்தும் உருமாறியது. 1994ஆம் ஆண்டில் முழுத் தொழில்முறை லீக் தொடங்கியபின், துறைவழி வேலை என்ற பாதுகாப்பு தளர்ந்து, ஒப்பந்தச் சம்பளமும் இறக்குமதி ஆட்டக்காரரும் முன்னுக்கு வந்தனர். உடனடியாக வெடித்த ஆட்டப் பேர ஊழல், மகனைப் பந்தாட அனுப்பும் பெற்றோரின் நம்பிக்கையையும் குலைத்தது. 1996ஆம் ஆண்டில் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியும், 2014ஆம் ஆண்டில் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டமும் தொடங்கப்பட்டு, ஆள்சேர்ப்பு அரசின் கைக்குச் சென்றது.

திடல்கள் மறைந்துவந்த இதே காலத்தில்தான் தமிழ்ப் பயிற்றுநர்களின் பொற்காலம் நிகழ்ந்தது என்பது முரண்போலத் தோன்றும். உண்மையில் அது காலத் தாழ்வோடு கிடைத்த அறுவடை. பழைய முறையில் ஆடி வளர்ந்த தலைமுறை, நடுவயதை எட்டியதும் பயிற்றுநர் நாற்காலியில் அமர்ந்தது. முன்னாள் தேசிய ஆட்டக்காரர் கே. ராஜகோபால், 2009ஆம் ஆண்டில் வியந்தியானில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பின் மலேசியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். அடுத்த ஆண்டில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களில் 4-2 என்ற மொத்தக் கணக்கில் வென்று, தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றச் செய்தார். நெகிரி செம்பிலானில் ஆடி உயர்ந்த எஸ். குணாலன் அந்த அணியில் இடம்பெற்றிருந்தார். அதே ஆண்டுகளில் மாநில அணியும் எழுச்சி கண்டது: 2009ஆம் ஆண்டில் கிளந்தானை 3-1 என வீழ்த்தி, 61 ஆண்டுகளுக்குப் பின் மலேசியக் கிண்ணத்தை வென்றது, 2010ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில், பி. சத்தியநாதன் பயிற்றுவித்த அதே கிளந்தானிடம் 2-1 எனத் தோற்றது. 2011ஆம் ஆண்டில் திரங்கானுவை வென்று கிண்ணத்தை மீட்டது. பின்னர் சரிவுற்ற அணியை, கே. தேவன் 2021ஆம் ஆண்டில் பிரீமியர் லீக் வெற்றியாளராக்கி, மறு ஆண்டில் சூப்பர் லீக்கில் நான்காம் இடத்துக்குக் கொண்டுசென்றார். பாரோயிலுள்ள துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கத்தில் ரசிகர்கள் தேவனைக் கொண்டாடியது இயல்பே.

குறைந்துவந்த ஆட்டக்காரர் வரத்தை மீட்கும் முயற்சியாகவே மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் எழுச்சியைக் கொள்ளவேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவரிடையே போட்டிகள் நடத்தியதோடு, அச்சங்கம் 2017ஆம் ஆண்டில் பிரீமியர் லீக்கில் தன் அணியை இறக்கியது. அவ்வணி 2019ஆம் ஆண்டு முதல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடி, 2021ஆம் ஆண்டில் பயிற்றுநர் பி. மணியத்தின் கீழ் இறக்குமதி ஆட்டக்காரர் ஒருவருமின்றிக் களமிறங்கி, 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு விலகிக்கொண்டது. உச்சியில் ஓர் அணியை நிறுத்துவதைவிட, அதன் அடியில் இருந்த படிகளை மீண்டும் அமைப்பது கடினம் என்பதை அம்முயற்சி உணர்த்தியது. தோட்டமும் துறையும் கட்டணமின்றிச் செய்த தேடலை இன்று தனியார் பயிற்சிக் கூடங்கள் கட்டணம் பெற்றுச் செய்கின்றன. வாடகைக்கு எடுக்கும் ஃபுட்சால் தளமே பல இளைஞருக்குத் திடலாகியுள்ளது. ஆதலால், நெகிரி செம்பிலானின் அடுத்த பயிற்றுநர் யார் என்ற விவாதம், மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டை முடிக்கும் மாணவரை அதன் பின் எந்த அமைப்பு ஏற்றுக்கொள்கிறது, அவர்களின் பயணச் செலவையும் காலணிச் செலவையும் யார் தாங்குகிறார் என்ற விவாதத்தோடு இணையாதவரை, பாதி விடையையே தரும்.