பாடவும் தெரியும், விரட்டவும் தெரியும்: பிரேசில் ராக் ரசிகர்கள்

சொற்களே இல்லாத ஒரு பாட்டை நாற்பதாயிரம் பேர் ஒன்றாகச் சேர்ந்து பாட முடியுமா?

2002ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி இரவு, ரியோ டி ஜெனிரோ நகரின் மரக்கானா விளையாட்டரங்கில் அது நடந்தது. கனடாவின் ரஷ் இசைக்குழு அந்த ஆண்டுதான் முதன்முறையாகப் பிரேசிலுக்கு வந்திருந்தது. முதல் நாள் இரவு சாவ் பாவ்லோவில் நிகழ்ச்சி. அங்கிருந்து கருவிகளை ஏற்றி வந்த லோரிகள் தாமதமானதால், ஒலிச் சோதனைக்குக்கூட நேரம் கிடைக்கவில்லை. அந்த நிலையில் குழுவினர் 'ஒய்ஒய்இசட்' எனும் வாத்திய இசையைத் தொடங்கினர். அதில் பாடுவதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. வாத்தியங்கள் மட்டுமே பேசும். ஆனால் கூட்டம் அதைப் பாடியது. கித்தார் ஏறிய இடத்தில் குரல் ஏறியது. இறங்கிய இடத்தில் இறங்கியது. நாற்பதாயிரம் தலைகள் ஒரே தாளத்தில் துள்ளின. மறு ஆண்டு வெளிவந்த 'ரஷ் இன் ரியோ' ஒளிவட்டில் அந்தக் காட்சியை இன்றும் பார்க்கலாம்.

சீட்டு வாங்கி, இடம் பிடித்து, பாட்டு முடிந்ததும் கைதட்டிவிட்டு வீடு திரும்புவதுதான் ரசிகரின் வேலை என்று பழகியவர்களுக்குப் பிரேசில் கூட்டம் புதிராகவே இருக்கும். அங்கே கூட்டமும் நிகழ்ச்சியைப் படைக்கிறது. பிடித்துவிட்டால் சேர்ந்து பாடும். பிடிக்காவிட்டால்? அதைச் சொல்லாமல் இந்தக் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம்.

பிடிக்காததைக் கூச்சலிட்டு விரட்டும் பழக்கம் ராக் இசையோடு பிரேசிலுக்கு வந்ததல்ல. அது வளர்ந்தது தொலைக்காட்சி நிலையத்தில். 1960களின் நடுவில் பாடல் போட்டிகள் அந்த நாட்டையே சின்னத்திரை முன் உட்கார வைத்தன. சாவ் பாவ்லோவின் டிவி ரெக்கார்ட் நிலையம் நடத்திய போட்டிகளில், அரங்கில் இருந்த மாணவர் கூட்டம் கால்பந்து ஆட்டம் பார்ப்பது போல இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது. 1967இல் செர்ஜியோ ரிக்கார்டோ என்ற பாடகர், கூச்சலுக்கு நடுவே பாட முடியாமல் தம் கித்தாரை மேடையிலேயே உடைத்துக் கூட்டத்தை நோக்கி வீசினார். அவர் பாட வந்தது ஒரு கால்பந்து வீரரைப் பற்றிய பாட்டு என்பது வேறு விஷயம்.

அதே ஆண்டு ஜூலை 17ஆம் தேதி இன்னும் விசித்திரமான ஒன்று நடந்தது. மின்கித்தாருக்கு எதிராகச் சாவ் பாவ்லோ வீதியில் ஓர் ஊர்வலம்! புகழ்பெற்ற பாடகி எலிஸ் ரெஜினா அதில் நடந்தார். இன்று இது வேடிக்கையாகத் தோன்றலாம். அன்று அப்படி இல்லை. 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. அதற்கு அமெரிக்காவின் ஆதரவு இருந்தது. மின்கித்தார் அமெரிக்க ஆதிக்கத்தின் குரல், பிரேசில் இசையை அது விழுங்கிவிடும் என்று பலர் உண்மையாகவே அஞ்சினர். அந்த ஊர்வலத்தில் நடந்தவர்களில் ஒருவர் ஜில்பெர்ட்டோ ஜில். மூன்றே மாதங்கள் கழித்து அதே ஜில், ஊஸ் முட்டான்டிஸ் என்ற இளைஞர் குழுவையும் மின்கித்தாரையும் கூட்டிக்கொண்டு போட்டி மேடையில் ஏறி, இரண்டாம் பரிசை வாங்கினார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் ராணுவ அரசு ஐந்தாம் நிறுவனச் சட்டத்தைக் கொண்டுவந்து, எஞ்சியிருந்த உரிமைகளையும் பறித்தது. ஜில்லும் அவருடைய நண்பர் காயெட்டானோ வெலோசோவும் கைது செய்யப்பட்டு, பிறகு லண்டனுக்குப் போக நேர்ந்தது. 1960க்குப் பிறகு 1989 வரை பிரேசில் மக்கள் தங்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கவே இல்லை. வாக்குச் சாவடியில் வாய் திறக்க வழியில்லாத ஒரு தலைமுறைக்கு, 'இவர் வேண்டும், இவர் வேண்டாம்' என்று உரக்கச் சொல்லக் கிடைத்த சில இடங்களில் இசையரங்கும் ஒன்று. அந்தக் கூச்சலை வெறும் முரட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

எழுபதுகளில் வெளிநாட்டு ராக் குழுக்கள் பிரேசிலுக்கு வருவது அத்தி பூத்தாற்போலத்தான். 1974இல் ஆலிஸ் கூப்பர், 1977இல் ஜெனசிஸ் என்று விரல்விட்டு எண்ணலாம். 1981 மார்ச் மாதம் குயின் குழு சாவ் பாவ்லோவின் மொரும்பி அரங்கில் இரண்டு இரவுகள் பாடியபோது நிலைமை மாறத் தொடங்கியது. இரண்டு இரவுகளிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வந்தனர். 'லவ் ஆஃப் மை லைஃப்' என்ற ஆங்கிலப் பாட்டை, போர்த்துகீசிய மொழி பேசும் அந்தக் கூட்டம் முழுதாகப் பாட, ஃப்ரெடி மெர்குரி தாம் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். 1983 ஜூன் மாதம் கிஸ் குழு வந்தது. முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு ஆடும் அந்தக் குழு, அதே மொரும்பி அரங்கில் ஜூன் 25ஆம் தேதி நடத்திய நிகழ்ச்சிக்குப் பிறகு, 1996 வரை வண்ணம் பூசாமலேயே மேடையேறியது.

பிறகு வந்தது 1985.

ரோபர்ட்டோ மெடினா ஒரு விளம்பர நிறுவனத்தை நடத்தி வந்தவர். ரியோவின் மேற்குப் பகுதியான ஜக்கரேப்பகுவாவில் ஒரு பெரிய திடலைச் சமன்செய்து, 'ராக் நகரம்' என்று பெயரிட்டு, ஜனவரி 11 முதல் 20 வரை பத்து நாள் விழா நடத்தினார். அதுதான் முதல் 'ராக் இன் ரியோ'. குயின், அயர்ன் மெய்டன், ஏசி டிசி, ஓஸி ஓஸ்போர்ன், ஸ்கார்ப்பியன்ஸ், வைட்ஸ்நேக், யெஸ் என்று, பிரேசில் இளைஞர்களில் பலர் இசைத்தட்டு உறைகளில் மட்டுமே பார்த்திருந்தவர்கள் வரிசையாக வந்து இறங்கினர். பத்து நாளில் 13 லட்சத்து 80 ஆயிரம் பேர் வந்தார்கள் என்பது ஏற்பாட்டாளர்களின் கணக்கு.

இந்த விழாவில் மேடைக்கு மட்டும் விளக்கு போடவில்லை. கூட்டத்தின் மீதும் விளக்கைத் திருப்பினார்கள். அதுவரை இருட்டில் நின்ற ரசிகர்கள், தாங்கள் எத்தனை பேர் என்பதைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கும் அந்த மனிதக் கடல் தெரிந்தது. மழை வேறு கொட்டியது. திடல் முழுவதும் சேறு. செருப்பைத் தொலைத்து, முழங்கால் வரை சேற்றோடு வீடு திரும்பியவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். முப்பது ஆண்டு நிறைவின்போது அந்தத் திடலின் சேறே நினைவுப் பொருளாக விற்பனைக்கு வந்தது என்றால், வியாபாரம் எதைத்தான் விட்டுவைக்கும்!

விழாவின் ஐந்தாம் நாள், ஜனவரி 15. தலைநகர் பிரசிலியாவில் தேர்தல் மன்றம் கூடி, 480க்கு 180 என்ற வாக்கில் டாங்க்ரெடோ நெவெஸை அதிபராகத் தேர்ந்தெடுத்தது. இருபத்தொரு ஆண்டு ராணுவ ஆட்சிக்கு முடிவு வந்துவிட்டது என்று நாடே நம்பியது. அன்றிரவு ராக் நகரத்தில் ஸ்கார்ப்பியன்ஸும் ஏசி டிசியும் ஏறுவதற்கு முன்னால், பராவ் வெர்மேலியோ என்ற ரியோ குழு பாடியது. அதன் பாடகர் கசூசாவுக்கு வயது 26. நாளைய பொழுது மகிழ்ச்சியாக விடியட்டும் என்ற கருத்துள்ள தங்கள் பாட்டை அவர்கள் பாட, கூட்டத்தில் தேசியக் கொடிகள் பறந்தன. மறுநாள் நாளிதழ்களில் அரசியலும் ராக் இசையும் அருகருகே நின்றன. டாங்க்ரெடோ பதவியேற்கும் முன்பே நோயுற்று, ஏப்ரல் 21ஆம் தேதி காலமானார். துணை அதிபராகத் தேர்வு பெற்றிருந்த ஜோசே சார்னே அதிபரானார். கசூசாவும் 1990இல், 32 வயதில் மறைந்தார். ராக் நகரமும் நிலைக்கவில்லை. விழா முடிந்ததும் மாநில ஆளுநர் லியோனெல் பிரிசோலாவின் உத்தரவால் அது பிரித்தெடுக்கப்பட்டது.

அதே பத்து நாளில் இன்னொன்றும் நடந்தது. முதல் நாள் எராஸ்மோ கார்லோஸ் மேடையேறினார். அறுபதுகளில் பிரேசிலுக்கு ராக் இசையை அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமானவர் அவர். அவருக்குப் பின்னால் பாட வேண்டியவர்கள் வைட்ஸ்நேக், அயர்ன் மெய்டன், குயின். கறுப்புச் சட்டை போட்ட இளைஞர்களுக்கு அதுவரை பொறுமை இல்லை. கூச்சலிட்டு அவரைத் திணறடித்தார்கள். தாங்கள் நின்றுகொண்டிருந்த வீட்டுக்கு அடித்தளம் போட்டவரையே வெளியே போகச் சொன்னது போல! கிட் அபேல்யா குழுவுக்கும் எடுவார்டோ டூசெக்குக்கும் அதே கதிதான். மறுநாள் பராலமாஸ் டோ சுசெசோ குழுவின் எர்பெர்ட் வியானா, சொந்த நாட்டுக் கலைஞர்கள் மீது கல்லெறிவதைவிட வீட்டில் உட்கார்ந்து கித்தார் கற்றுக்கொள்ளலாம் என்ற பொருள்படக் கண்டித்துவிட்டே தம் நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். இந்த இளைஞர்களைக் குறிக்க 'மெட்டலேய்ரோ' என்ற சொல்லைக் குளோபோ தொலைக்காட்சி பரப்பியது. கேலி கலந்த அந்தச் சொல்லை ரசிகர்களில் பலர் வெறுத்தார்கள். ஆயினும் அது ஒட்டிக்கொண்டது.

1991 ஜனவரியில் இரண்டாவது விழா மரக்கானா அரங்கில் நடந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. ஜூடாஸ் பிரீஸ்ட், மெகாடெத், கன்ஸ் என் ரோஸஸ் பாடிய இரவில், நடுவே லோபாவ் என்ற ரியோ பாடகரைப் போட்டிருந்தார்கள். அவர் மங்கேய்ரா சாம்பா பள்ளியின் மேளக்காரர்களையும் அழைத்து வந்திருந்தார். ராக்கும் சாம்பாவும் கலக்கும் என்று நம்பியிருக்கலாம். கைக்குக் கிடைத்ததெல்லாம் மேடைக்குப் பறந்தது. சற்று நேரத்திலேயே அவர் இறங்கிப் போனார். 1967இல் மின்கித்தாரைப் பிரேசிலுக்கு அந்நியம் என்றார்கள். 24 ஆண்டு கழித்து, மின்கித்தார் மேடையில் பிரேசில் மேளத்தை அந்நியம் என்றார்கள்.

அதே இரவில், அதே மேடையில், கூட்டம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு பிரேசில் குழுவும் இருந்தது. பெலோ ஹொரிசாண்டே நகரில் 1984இல் மேக்ஸ், இகோர் கவலேரா எனும் அண்ணன் தம்பி தொடங்கிய செபுல்தூராதான் அது. அந்த ஊரில் கொகுமேலோ என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது. கடையே ஒரு வெளியீட்டு நிறுவனமாகி, 1985இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. ஆங்கிலத்தில் பாடியதால், வெளிநாட்டுக் குழுக்களுக்கு நிகராக அவர்களை ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் செபுல்தூரா அதோடு நிற்கவில்லை. மத்து குரோசோ மாநிலத்தில் வாழும் ஷவாந்தே பழங்குடி மக்களின் கிராமத்துக்குப் போய், அவர்களோடு சேர்ந்து இசையைப் பதிவு செய்தார்கள். பாஹியா மாநிலத்தின் மேளக் கலைஞர் கார்லின்யோஸ் பிரவுனையும் சேர்த்துக்கொண்டார்கள். 1996இல் வெளிவந்த 'ரூட்ஸ்' என்ற அந்த இசைத்தட்டை உலகமெங்கும் மெட்டல் ரசிகர்கள் வாங்கினர். லோபாவின் மேளத்தை விரட்டிய கூட்டம், செபுல்தூராவின் மேளத்துக்குத் தலையாட்டியது.

அப்படியானால் சண்டை தீர்ந்ததா? 2001 ஜனவரியில் மூன்றாவது விழா, பழைய ஜக்கரேப்பகுவா திடலிலேயே நடந்தது. 'மேலான உலகுக்காக' என்பது அதன் முழக்கம். தொடக்க நாளில் மூன்று நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டது. விழா தொடங்கும் முன்பே, உள்நாட்டுக் குழுக்களுக்கு உரிய மரியாதை இல்லை என்று ஓ ராப்பா, ஸ்காங்க் உள்ளிட்ட ஆறு குழுக்கள் விலகியிருந்தன. ஜனவரி 14ஆம் தேதி கன்ஸ் என் ரோஸஸுக்காகக் காத்திருந்த கூட்டத்தின் முன் வந்து நின்றவர் அதே கார்லின்யோஸ் பிரவுன். தண்ணீர்ப் போத்தல்கள் மழையாக விழுந்தன. 'ரூட்ஸ்' இசைத்தட்டை வீட்டில் வைத்திருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அவர் மேளத்தை விடாமல் போத்தல்களுக்கு நடுவே நின்று தம் பங்கை நடத்தினார். ஐந்தே நாள் கழித்து, ஜனவரி 19ஆம் தேதி அயர்ன் மெய்டன் அதே மேடையில் ஏறியபோது, ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் ஒரே குரலில் பாடினார்கள். அந்த இரவின் பதிவு இசைத்தட்டாக வந்து உலகெங்கும் விற்றது. ஒரே வாரம், ஒரே திடல்.

இந்த ரசிகர்களின் பாடும் குரலைத்தான் வெளிநாட்டுக் குழுக்கள் இசைத்தட்டில் பதிந்து கொண்டுபோகின்றன. அதற்கு ரசிகர்கள் கொடுக்கும் விலை பற்றிப் பேச்சு குறைவு. தொலைவில் உள்ள ஊர்களிலிருந்து பேருந்து பிடித்து, இரவெல்லாம் பயணம் செய்து வருகிறவர்கள் ஏராளம். மாணவர்களுக்கும், வருமானம் குறைந்த இளைஞர்களுக்கும், உடற்குறை உள்ளவர்களுக்கும் பாதி விலைச் சீட்டு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை. மொத்தச் சீட்டில் 40 விழுக்காடு அதற்கு ஒதுக்கப்பட வேண்டும். ஒரு கிலோ அரிசி போன்ற உணவுப் பொருளைத் தானமாகக் கொண்டுவந்தால் விலைக் கழிவு தரும் நிகழ்ச்சிகளும் உண்டு. வாசலில் போத்தலைப் பறித்துவிட்டு, உள்ளே தண்ணீரைக் காசுக்கு விற்கும் வழக்கமும் இருந்தது. 2023 நவம்பரில் ரியோவில் கடும் வெப்பத்தில் நடந்த ஓர் அமெரிக்கப் பாப் நிகழ்ச்சியில் இளம் ரசிகை ஒருவர் உயிரிழந்த மறுநாளே, தண்ணீர் கொண்டுவர அனுமதிக்க வேண்டும், இலவசமாகவும் தர வேண்டும் என்று நீதி அமைச்சு உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

2011இல் ராக் இன் ரியோ மீண்டும் சொந்த ஊருக்குத் திரும்பியது. 2013 செப்டம்பரில் செபுல்தூரா அங்கே தங்களோடு அழைத்து வந்தது சே ரமால்யோவை. வறண்ட வடகிழக்கின் பராயிபா மாநிலத்திலிருந்து வந்த, கனத்த குரலுடைய மூத்த பாடகர். 2003இல் ஒரு திரைப்படத்துக்காக இரு தரப்பும் சேர்ந்து ஒரு பாடலைப் பதிவு செய்திருந்தன. அயர்ன் மெய்டனும் ஸ்லேயரும் பாடவிருந்த மெட்டல் நாள் அது; எராஸ்மோவையும் லோபாவையும் விரட்டிய அதே கறுப்புச் சட்டைக் கூட்டம். 63 வயது சே ரமால்யோ தம் பழைய பாடல்களை எடுத்தார். ஒரு போத்தலும் வரவில்லை. கூட்டம் அவரோடு சேர்ந்து பாடியது, இம்முறை போர்த்துகீசிய மொழியில்.