புருஷர் எறிந்த சட்டப் புத்தகங்கள்

அடிபட்ட பெண்ணுக்குப் பெரியோர் கூறும் புத்திமதி, லயத்திலாயினும் பட்டணத்திலாயினும், இரண்டுதான்: வெளியே சொல்லாதே, மன்னித்துத் திரும்பிப் போ. இவ்விரண்டின் பயனையும் கண்டறிந்து அச்சிலேற்றியவர் இங்கிலாந்தின் காரோலின் நார்ட்டன் அம்மையார்.

நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தியான இவர், 1827-ஆம் ஆண்டில், பத்தொன்பதாம் வயதில், ஜார்ஜ் நார்ட்டன் என்னும் வழக்கறிஞரை மணந்தார். முதற் சச்சரவிலேயே அப்புருஷர் மைக்கூட்டையும் சட்டப் புத்தகங்களையும் மனைவியின் தலையை நோக்கி வீசினாராம். மணமாகி இரண்டு மாதமளவில், தம் கருத்தொன்றை அறிவீனமென்று சொன்னதற்காக விலாவில் உதைத்தார். அன்றிரவு முழுவதும் அம்மையார் வேறோர் அறையில் கண் விழித்திருந்தார். இத்தகையவர் 1831-இல் லண்டனில் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக அமர்ந்தார் என்பதை வாசகர்கள் கவனிக்க! அவ்வுத்தியோகமும் மனைவியின் சிபாரிசால் கிடைத்ததே.

1836-இல் புருஷர் மூன்று ஆண் மக்களையும் தாயினின்று பிரித்தார்; பிரதம மந்திரி மெல்போர்ன் பிரபுவுடன் மனைவிக்குத் தகாத உறவு உண்டென்று வழக்கும் தொடுத்தார். ஜூரிகள் தம் இடத்தைவிட்டு எழாமலே பிரபுவுக்குச் சாதகமாகத் தீர்ப்புரைத்தனர். ஆயினும் மக்கள் மீளவில்லை. சட்டப்படி அவர்கள் தகப்பன் சொத்து. அம்மையார் நூலெழுதி ஈட்டிய பணமுங்கூடப் புருஷருடையதே.

தளராமல் அவர் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாய் தன்னிடம் வைத்துக்கொள்ள மனுச் செய்யலாம் என்ற சட்டம் 1839-இல் பிறந்தது. அவர் மக்களோ ஸ்காட்லாந்தில் இருந்தனர்; அச்சட்டம் அங்கே செல்லாது. 1842-இல் இளையவன் குதிரையினின்று விழுந்து நோயுற்றான். தாய் போய்ச் சேருமுன் உயிர் பிரிந்தது.

1854-இல், திருமணமாகி இருபத்தேழு ஆண்டு கழிந்தபின், பெண்களைப் பற்றிய இங்கிலீஷ் சட்டங்களை ஆராயும் நூலொன்றை வெளியிட்டார். பட்ட அடிகளையும், புருஷர் கெஞ்சியபோது மன்னித்துத் திரும்பியதையும் ஒளிக்காமல் அதில் எழுதினார். மன்னித்த குற்றத்தைக் கொண்டு மனைவி விடுதலை கேட்க முடியாதென்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே அவருடைய பொறுமையே அவரைக் கட்டிய விலங்காயிற்று. ஆண் பெண் சமத்துவத்தை அம்மையார் ஒப்புக்கொண்டவரல்லர். இதையும் நாம் மறைப்பதற்கில்லை. எனினும் சமத்துவம் பேசிய பலரினும் அதிகம் சாதித்தார்.

1857-ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டம், கைவிடப்பட்ட மனைவி பின்னர்ச் சம்பாதிப்பதை அவளுக்கே உரிமையாக்க வழி செய்தது. ஆனால் விவாகரத்துக் கோரும் ஆணுக்கு மனைவியின் சோரம் ஒன்றே போதுமாயிருக்க, பெண்ணோ கணவனின் சோரத்தோடு கொடுமை முதலிய வேறொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. அம்மையாருக்கு விடுதலை 1875-இல் புருஷர் இறந்தபோதுதான் கிட்டியது. 1877-இல் மறுமணம் புரிந்துகொண்டார், அவ்வாண்டிலேயே காலமானார்.