மீசை இல்லாதவர்களின் கம்பு

1801 ஜூன் 16. திருச்சிக் கோட்டையில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. காவிரிக்கு இக்கரையில், திருவரங்கம் கோயில் மதிலில் இன்னொன்று. சின்ன மருது விடுத்த அந்த அறிக்கையை இன்று ஜம்புத்தீவுப் பிரகடனம் என்கிறோம். கும்பினியாரை எதிர்த்து ஆயுதம் எடுக்கச் சொல்லி பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் என்று எல்லாரையும் அது அழைத்தது. சாதி, மதம் கடந்த அழைப்பு என்று வரலாற்றாசிரியர்கள் மெச்சுகிறார்கள். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை நானும் மெச்சிக்கொண்டுதான் படித்தேன், மீசை வரும்வரை. மீசை வைத்தவர்கள் எல்லாரும் வரவேண்டுமாம்.

அந்த மதிலோரமாகத்தான் ஒன்றரை வருடமாகக் கையில் கம்போடு போய் வருகிறேன். கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு திடலில் விடிகாலையில் சிலம்ப வகுப்பு. எனக்கு வயது நாற்பத்தொன்று.

மீசைக்காரர்களை அழைத்த மருது சகோதரர்கள் யாரிடம் பணிபுரிந்தவர்கள்? வேலு நாச்சியாரிடம். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, நாச்சியார் மகளோடு விருப்பாட்சிக்குப் போய் அடைக்கலம் புகுந்தார். எட்டு ஆண்டுகள் காத்திருந்து, ஹைதர் அலியின் உதவியோடு படை திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்டார். கூடவே இருந்தவர்கள் மருதிருவர். அவர் இறந்தது 1796இல். ஐந்தே ஆண்டுகளில் அதே சீமையிலிருந்து புறப்பட்ட போர் அழைப்பில் பெண்ணுக்கு இடமில்லை. திருச்சிக் கோட்டைக்கும் அரசிகள் புதியவர்கள் அல்ல. 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆட்சி நடத்தியவர் மங்கம்மாள். பின்னாளில் அந்தப் பேரனின் மனைவி மீனாட்சி.

அரசிகள் வரலாற்றில் நுழைந்துவிடுகிறார்கள். சிலம்பமும் வளரியும் கற்றவர் என்று நாச்சியாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அரண்மனையில் பிறந்த பெண்ணுக்கு ஆசான் வீடு தேடி வருவார். அவருடைய பெண்கள் படையும் குயிலியும் மக்கள் நாவில் வாழ்கிறார்கள். அவர்கள் எங்கே, யாரிடம், எந்தத் திடலில் கம்பு பிடிக்கக் கற்றார்கள் என்று நான் கேட்கும்போது கதை நின்றுவிடுகிறது. தீக்குளித்ததைச் சொல்கிற கதைகள் பயிற்சி எடுத்ததைச் சொல்வதில்லை.

பயிற்சி என்பது என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பு நம் நெற்றி உயரம் இருக்க வேண்டும். ஆனால் முதல் நாளே அதைத் தரமாட்டார்கள். காலடி பழக வேண்டும். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, திரும்பி ஒன்று என்று மண்ணில் கால் வைத்துக்கொண்டே எனக்கு மூன்று வாரம் போயிற்று. பிறகு அடி. மேலிருந்து தலைக்கு. வலம், இடம் மாறித் தோள்பட்டைக்கு. விலாவுக்கு, முட்டிக்கு, கணுக்காலுக்கு. ஒவ்வோர் அடிக்கும் அதைத் தடுக்கும் முறை உண்டு. கையால் அடித்தால் கம்பு தடவுகிற மாதிரிதான் விழும். குதிகால் திரும்பி, இடுப்பு திரும்பி, தோள் கடைசியாக வந்தால் அடி விழும்.

எனக்கு வராமல் போனது அடி இல்லை, கை. நீட்டவே வரவில்லை. "கையைச் சுருக்காதீங்கம்மா, பஸ்ல நிக்கிற மாதிரியே நிக்கிறீங்க" என்றார் வாத்தியார். அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் பேருந்தில், முழங்கையை விலாவோடு ஒட்டி, பையை நெஞ்சுக்கு முன்னால் வைத்து, இருபத்தைந்து வருடம் நின்ற உடம்பு இது. கம்பை முழுதாகச் சுழற்ற நம்மைச் சுற்றிப் பத்தடிக்கு மேல் வெற்றிடம் வேண்டும். அவ்வளவு இடத்தை நான் எங்கும் கேட்டதில்லை, எங்கள் சமையலறை உட்பட.

பெண்கள் கையில் கோலே இருந்ததில்லையா? இருந்தது. நெல் குத்திய உலக்கை, கம்பைவிடப் பல மடங்கு கனம். ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறிக் குத்தும்போது ஒருத்தி உலக்கை மற்றவள் உலக்கையில் படாது. அந்தக் கணக்கைச் சிலம்பத்தில் பெரிய வித்தை என்பார்கள். அப்புறம் கோலாட்டம். இரண்டு கையிலும் குச்சி, எதிரில் இருப்பவள் குச்சியோடு தட்டல், மாறித் தட்டல், சுற்றி வருதல். மேலே கட்டிய கயிறுகளைப் பின்னிக்கொண்டே ஆடுவது பின்னல் கோலாட்டம். பிலிப்பைன்ஸ் நாட்டின் கம்புச் சண்டைக்கு ஆர்னிஸ் என்று பெயர்; 2009இல் அங்கே சட்டம் போட்டு அதைத் தேசிய விளையாட்டாக்கினார்கள். அதில் இரண்டு குச்சிகளை மாற்றி மாற்றி அடிக்கும் முறை சினாவாலி. அந்தச் சொல்லுக்குப் பின்னியது என்று பொருள். காணொளியில் முதல்முறை பார்த்தபோது என் பாட்டி வீட்டு முற்றம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே பின்னல் சண்டைப் பயிற்சி. இங்கே நவராத்திரி. அதே கை, அதே தாளம், குறிதான் இல்லை.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தன. திருச்சியும் அவை நடந்த ஊர்களில் ஒன்று. அவற்றில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்ந்தது. நல்லதுதான். இப்போது எங்கள் திடலில் பையன்களைவிடப் பெண் பிள்ளைகள் அதிகம். ஆனால் உள்ளூர் விழா மேடைகளில் நான் பார்க்கிறேன்: பெண் பிள்ளைகளுக்கு அலங்கார வீச்சு, இரட்டைக் கம்பு, இசை, ஒரே நிறத்தில் உடை. எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் சண்டைக்குப் பையன்கள். கைதட்டல் இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான். கோலாட்டத்தைத்தான் கொஞ்சம் நீளக் குச்சியில் ஆடச் சொல்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம். வாத்தியாரிடம் கேட்டேன். "தாய்மார்தான் மொகத்துல பட்டுரும்னு பயப்படுறாங்க" என்றார். அதுவும் பொய்யில்லை. அடையாளம் பதிந்த பெண் முகத்துக்குக் கல்யாணச் சந்தையில் என்ன விலை என்று அந்தத் தாய்மாருக்குத் தெரியும்.

கேட்டதற்குப் பலனாக, சனிக்கிழமைகளில் எங்களுக்கும் தொடுசண்டை வைக்கிறார். என் எதிரில் நிற்பவள் எட்டாம் வகுப்பு. இதுவரை என் முட்டியை ஆறு முறை தொட்டிருக்கிறாள், நெற்றியை ஒரு முறை. நான் அவளை இன்னும் தொடவில்லை.