மட்டாஞ்சேரியின் மெஹ்பூப்: ஒலித்தட்டுக்கு வெளியே ஓர் இசை வரலாறு

பழைய பாடல்களை நினைவுகூர்ந்து ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்வதை வெறும் கடந்தகால ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது ஆய்வுலகில் எளிது. ஆனால் சில ஊர்களின் இசை வரலாறு இத்தகைய பகிர்வினால் மட்டுமே எஞ்சியிருக்கிறது. கொச்சியின் மட்டாஞ்சேரி அவற்றுள் ஒன்று.

மட்டாஞ்சேரியும் அதையொட்டிய ஃபோர்ட் கொச்சியும் துறைமுகத்தால் வளர்ந்த ஊர்கள். கச்சி மேமன்கள், குஜராத்தி வணிகர், கொங்கணியர், தக்னி உருது பேசும் முஸ்லிம்கள், யூதர், தமிழ்ச் சலவைத் தொழிலாளர் எனப் பல மொழியினர் இங்கு அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர். இந்துஸ்தானி இசையும் கஜலும் இம்மக்களிடையே வேரூன்றியதில் வியப்பில்லை. 1950களில் வானொலி இதற்கு மேலும் வலுவூட்டியது. பி. வி. கேஸ்கர் மத்திய அமைச்சராக இருந்த காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் புறக்கணித்தது. இலங்கை வானொலி அவற்றை அள்ளி வழங்கியது. விவித் பாரதி தொடங்கப்பட்ட 1957 அக்டோபர் 3 வரை, இந்தித் திரைப்பாடல்களுக்காகத் தென்னிந்திய நேயர்கள் பெரிதும் கொழும்பையே நம்பியிருந்தனர்.

இந்தச் சூழலில் உருவானவர் எச். மெஹ்பூப். 1926இல் ஃபோர்ட் கொச்சியின் பட்டாளம் பகுதியில், தக்னிக் குடும்பமொன்றில் பிறந்தவர். முறையான இசைப்பயிற்சி இல்லை. கேள்வி ஞானமே மூலதனம். 1951இல் வெளிவந்த ‘ஜீவித நௌக’ படத்தில் பாடினார். அக்காலத்து மலையாளத் திரைப்பாடல்களிற் பல, புகழ்பெற்ற இந்தி மெட்டுகளுக்குப் புதுச்சொல் இட்டவை. அவ்வழக்கத்திலிருந்து விலகி, கேரள நாட்டார் இசையைத் திரைக்குக் கொணர்ந்த ‘நீலக்குயில்’ (1954) படத்திலும், கே. ராகவன் இசையில், பி. பாஸ்கரன் வரிகளில் அவர் குரல் ஒலித்தது. ஆக, மலையாளத் திரையிசையின் ஒரு முக்கியத் திருப்பத்தின் இருபுறமும் நின்றவர் அவர்.

எனினும் மட்டாஞ்சேரிக்காரர்கள் ‘மெஹ்பூப் பாய்’ என்று உரிமையோடு அழைத்தது திரைப்பாடகரை அல்ல. திருமண வீடுகளிலும் நண்பர் கூடும் மெஹ்ஃபில்களிலும் ஆர்மோனியமும் தபேலாவும் சூழப் பாடியவரையே. இங்குதான் வரலாற்றாய்வாளரின் சிக்கல் தொடங்குகிறது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது ஏறத்தாழ மூன்றரை நிமிடம். மெஹ்ஃபில் பாடலோ கேட்போரின் ஆர்வத்திற்கேற்ப நீளும். ஒரே வரி வெவ்வேறு அசைவுகளில் திரும்பத் திரும்ப வரும். திரைப்படத்திற்குப் பாடியவை நிறுவனங்களின் தேவைக்காகப் பதிவாயின. ஊருக்காகப் பாடியவற்றைப் பதிவுசெய்யும் தேவை எந்த நிறுவனத்திற்கும் இருக்கவில்லை. 1981இல் மெஹ்பூப் மறைந்தபோது, அவரது இசையின் பெரும்பகுதி கேட்டவர்களின் செவிகளில் மட்டுமே எஞ்சியது.

அந்தச் செவிகள் சும்மா இருக்கவில்லை. அவர் பெயரால் அமைந்த நினைவு இசைக்குழு அப்பாடல்களை மேடையேற்றியது. இளமையில் அவருக்குத் தபேலா வாசித்த உம்பாயி, பின்னாளில் மலையாளக் கஜலின் முன்னோடிகளுள் ஒருவராக வளர்ந்து, 2018இல் மறையும்வரை அம்மரபைக் கொண்டு சென்றார். ரசிகர், பக்கவாத்தியக்காரர், அடுத்த பாடகர் என்ற வரிசையிலேயே இந்த இசை கைமாறியது. குரு–சீடப் பரம்பரையை மட்டும் தேடும் ஆய்வுமுறைக்கு இவ்வழி புலப்படாது.

இதே ஊரில் இதற்கு ஒரு முன்னுதாரணமும் உண்டு. கொச்சி யூதப் பெண்கள் திருமணங்களிலும் விழாக்களிலும் பாடிய மலையாளப் பாடல்களைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதிவைத்தனர். ஒருவர் நோட்டைப் பார்த்து மற்றவர் படியெடுத்தனர். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் உடன் சென்றன. பின்னாளில் அறிஞர்கள் அவற்றைத் தொகுத்ததற்கும், முதிய பெண்களின் குரலில் பாடல்கள் பதிவானதற்கும் அடிப்படை அந்த நோட்டுகளே. எழுத்து இருந்ததால் சொற்கள் தப்பின. பாட வல்லவர்கள் இருந்தபோதே ஆய்வாளர் சென்றதால் மெட்டுகளும் தப்பின.

மெஹ்பூப் விஷயத்தில் அந்தக் கால அவகாசம் குறைந்துவருகிறது. 1970இல் 20 வயதில் அவரை நேரில் கேட்டவர் இன்று 75ஐக் கடந்திருப்பார். ஆகவே பழைய பாடல் ரசிகர்களின் உரையாடலைத் தரவாகக் கொள்வது அவசரப்பணி. நினைவு பிழைபடும் என்பது உண்மை; ஆண்டு மாறும், பாடகர் பெயர் மாறும். அதற்காகவே ஒரே பாடலைப் பற்றிப் பலரிடம் கேட்டு, இசைத்தட்டு, பாட்டுப்புத்தகம், திருமண அழைப்பிதழ் ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும்.

இப்பதிவை வாசிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் விரும்பும் பழைய பாடலின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அதை முதலில் எங்குக் கேட்டார்கள், யார் பாடினார்கள், எந்த வாத்தியம் ஒலித்தது, உடன் யார் இருந்தார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துவையுங்கள். பாடல் எங்கேனும் கிடைத்துவிடும். அதைக் கேட்ட ஊரின் வரலாறு அவர்களிடம் மட்டுமே இருக்கிறது.