பறை கப்பலேறிய கதை

ஆங்கில நாளிதழில் 'பரையா நாடு' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர்ச் சொல்லா மேடம்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள் ஒரு மாணவி. அவள் அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர்.

நம் சொல்தான். பறை தோற்கருவி, பறைதல் என்றால் சொல்லுதல். தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் வைக்கிறது. அதன் பெயரால் அழைக்கப்பட்ட மக்களை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலம் எழுதிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டுக்குள் அந்தப் பெயர் 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொதுப்பொருளைப் பெற்றது. கருவி மறைந்து இழிவு மட்டும் மிஞ்சியது.

1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பிரெஞ்சுப் பெண்ணியர், தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னைப் 'பரியா' என்றார். கணவனைப் பிரிந்தவளுக்குச் சட்டமும் சமூகமும் இடம் தராத காலம் அது. அவர் வலி உண்மை, பெயர் இரவல்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே இதழ் தொடங்கினார். உரியவரே பெயரைத் தலைநிமிர்ந்து சொன்ன தருணம் அது.

தோலைத் தொட்டவருக்குத் தீட்டென்றார்கள்; அதே தோல் ஷூவாகிக் கப்பலேறும்போது யாரும் தீட்டுப் பார்ப்பதில்லை. அந்த ஆங்கிலச் சொல்லை வசையாக நான் எழுதுவதில்லை. காரணத்தை அன்று வகுப்பில் உரக்கச் சொன்னேன். மாணவி குறித்துக்கொண்டாள், அம்மாவிடம் சொல்ல.