பேர் மாத்தியாச்சா?

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை என்றால் சந்தை. மாடு வாங்க வந்தவரைக் கவனித்திருக்கிறீர்களா? விலை பேசுவதற்கு முன்னால் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா? வயசு அங்கேயே தெரிந்துவிடும். தரகர் எவ்வளவு அளந்தாலும் பல் பொய் சொல்லாது.

செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டருக்குப் பல் இல்லை. கிலோமீட்டர் முள்ளைப் பின்னுக்குத் தள்ளலாம். பெயிண்ட் அடிக்கலாம். புது சீட் கவர் போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, 'ஒரே கை ஓட்டின வண்டி சார்' என்று சத்தியம் செய்யலாம். இதையெல்லாம் தாண்டி நம்பக்கூடியது ஒன்றே ஒன்றுதான். ஆர்.சி. அதில் அச்சாகியிருக்கும் பெயர், தேதி, எண்கள். முதல் முதலாக வண்டி ஓட்டப்போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் விடுவதும் அதைத்தான்.

அந்தப் பெயருக்கு இந்த நாட்டில் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். இத்தாலியில் பியாஜியோ கம்பெனியின் விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சில் நொறுங்கிக் கிடந்தது. இனி விமானம் செய்து பிழைக்க முடியாது என்ற நிலை. மலிவாக ஒரு வண்டி செய்து தரும்படி கொராதினோ தஸ்கானியோ என்கிற இன்ஜினீயரிடம் சொன்னார்கள். அவர் விமானத்துறை ஆசாமி. மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. காலைத் தூக்கிப்போட்டு ஏறவேண்டும், செயின் எண்ணெய் உடுப்பில் தெறிக்கும், டயர் மாற்றுவது பெரும்பாடு. இந்த மூன்றும் இல்லாத ஒரு வண்டியை அவர் வரைந்தார். முன்னால் கால் வைக்கப் பலகை. இன்ஜின் சீட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். பாவாடை கட்டியவரும் ஏறலாம். 1946இல் வெளியான அதற்கு வெஸ்பா என்று பெயர். இத்தாலிய மொழியில் குளவி என்று அர்த்தம். அடுத்த வருஷமே மிலனிலிருந்து லாம்ப்ரெட்டா வந்தது.

இரண்டும் இந்தியாவுக்கு வந்தன. லாம்ப்ரெட்டாவை பம்பாயில் ஏ.பி.ஐ. கம்பெனி செய்தது. வெஸ்பாவை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்த பஜாஜ், பிறகு லைசென்ஸ் வாங்கி 1960களில் இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. 1971இல் இத்தாலிக்காரர்களோடு போட்ட ஒப்பந்தம் முடிந்ததும், அடுத்த வருஷம் சேத்தக் பிறந்தது. ராணா பிரதாப்பின் குதிரைப் பெயர்.

குதிரை தயார். லாயத்திலிருந்து வெளியே வரத்தான் வழியில்லை. எத்தனை ஸ்கூட்டர் செய்யலாம் என்பதை கம்பெனி தீர்மானிக்க முடியாது, டெல்லி தீர்மானிக்கும். லைசென்ஸில் போட்ட எண்ணிக்கைக்கு மேல் உற்பத்தி செய்வது குற்றம். யாருக்கு எப்படி விற்பது என்பதற்கு 1960இலேயே தனியாக ஸ்கூட்டர் விநியோகக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்துவிட்டது. அரிசிக்கு ரேஷன் மாதிரிதான். பெயரைப் பதிவு செய்து, முன்பணம் கட்டி, காத்திருக்கவேண்டும். அரசாங்க ஊழியர்களுக்குத் தனி கோட்டா. அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் க்யூவைத் தாண்டிப் போகலாம், ஆக துபாயில் மாமா இருந்தால் அதிர்ஷ்டம். மற்றவர்களுக்கு? உச்சக்கட்டத்தில் பத்து வருஷம். வீட்டில் இப்போது எழுபதைத் தாண்டிய பெரியவர் இருந்தால் கேட்டுப்பாருங்கள், தேதியோடு சொல்வார்.

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்கு டிப்ரிசியேஷன் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். எந்த இயந்திரமும் வாங்கிய நாளிலிருந்து மதிப்பு குறைந்துகொண்டே வரும், வருஷா வருஷம் அதைக் கணக்கில் கழிக்கவேண்டும். பஜாஜ் ஸ்கூட்டர் இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் புரட்டியது. ஷோரூமிலிருந்து வெளியே வந்த நிமிஷமே அதன் விலை ஏறியது! ஓட்டிய வண்டி புது வண்டியைவிட அதிக விலைக்குப் போனது. காரணம் எளிது. புது வண்டியின் விலை காகிதத்தில் மட்டும் இருந்தது. பழைய வண்டி தெருவில் நின்றது. கையில் காசை வைத்துக்கொண்டு பத்து வருஷம் காத்திருக்க முடியாதவர், அந்தப் பத்து வருஷத்துக்கும் சேர்த்து விலை கொடுத்தார்.

ஆகவே அன்றைக்கு வண்டியைவிட அலாட்மென்ட் சீட்டில் இருக்கும் பெயர்தான் சொத்து. ஸ்கூட்டர் ஓட்டவே தெரியாதவர்கள்கூடப் பதிவு செய்து வைத்தார்கள். முறை வந்ததும் எடுத்து, பிரீமியம் வைத்துத் தள்ளிவிட்டார்கள். கல்யாணப் பேச்சில் 'மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர்' என்பது பவுன் கணக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. கொடுத்தது பெண் வீடு, சாவி மாப்பிள்ளை கையில். பெண்ணுக்குப் பின் சீட்டு, அதுவும் பக்கவாட்டில். பாவாடை கட்டியவரும் ஏறலாம் என்று வரைந்த வண்டி இங்கே வந்து இப்படி ஆனது.

பெண்கள் ஓட்டாததற்கு வண்டியும் ஒரு காரணம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பழைய சேத்தக்கை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்ஜின் மொத்தமும் வலது பக்கம் தொங்கும், வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி, உதைக்கவேண்டும். கிளட்சும் கியரும் இடது கையில். கிளட்சைப் பிடித்தபடியே மணிக்கட்டை முறுக்கவேண்டும். கற்றுக்கொள்வதற்குள் வீட்டுச் சுவரில் இரண்டு கோடாவது விழும்.

இந்தக் க்யூவைத் தமிழ்நாட்டில் முதலில் உடைத்தது ஸ்கூட்டரே இல்லை. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50. இரண்டு பேர் உட்காரலாம், பெட்ரோல் தீர்ந்தால் பெடல் மிதிக்கலாம். ஓசூர் அன்று தர்மபுரி மாவட்டம் (கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004இல்தான்). காரிமங்கலத்திலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் தயாரான வண்டி. பால் கேன், புல்லுக்கட்டு, தேங்காய் மூட்டை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், எல்லாவற்றையும் சுமந்தது. பட்டணத்து ஆட்கள் சிரித்தார்கள். அது பாட்டுக்கு ஓடியது.

பிறகு கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1984இல் கைனடிக் ஹோண்டா வந்தது. கியர் கிடையாது, பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட். 1990களின் நடுவில் ஓசூரிலிருந்தே ஸ்கூட்டி. 2001இல் ஹோண்டா ஆக்டிவா. இதே காலத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களை சைக்கிளில் ஏற்றியிருந்தது. அதற்கப்புறம் பள்ளிப் பெண்களுக்கு அரசாங்க சைக்கிள் வந்தது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண்ணுக்கு கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒரு வார வேலை. பேலன்ஸ்தான் முக்கால்வாசிப் பாடம், அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. பஜாஜுக்கு இந்த மாற்றம் பிடிபடவில்லையோ என்னவோ, 2009இல் ஸ்கூட்டர் தொழிலே வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. 2020இல் அதே சேத்தக் பெயரில், பேட்டரியோடு திரும்பி வந்தது தனிக் கதை.

2018 பிப்ரவரி 24, சென்னை. ஜெயலலிதா பிறந்தநாள். அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். லைசென்ஸ் வேண்டும் என்றதும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்களில் எல்.எல்.ஆருக்குப் பெண்கள் கூட்டம் முண்டியடித்தது. ஆனால் புது வண்டிக்குத்தான் மானியம், பழசுக்குக் கிடையாது. 2021இல் ஆட்சி மாறியது, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது, ஸ்கூட்டர் திட்டம் நின்றுபோனது.

திட்டம் நின்றாலும் வண்டிகள் நிற்கவில்லை. அன்று வாங்கியவை இன்று செகண்ட் ஹேண்ட். காரிமங்கலம் அரசு மகளிர் கல்லூரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். காலை பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போச்சு. அப்பா ஒரு பழைய ஸ்கூட்டர் பார்க்கிறார். விற்பவரும் ஒரு பெண்தான். தன் பெயரில் இருக்கும் ஒரே சொத்து அந்த வண்டி என்றுகூட இருக்கலாம். டீக்கடை பெஞ்சில் பணம் கை மாறுகிறது. ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து. 'பேரை அப்புறம் மாத்திக்கலாம்மா.'

இந்த 'அப்புறம்' எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. வட இந்தியாவில் ஒரு கார் வரிசையாகப் பல கை மாறியது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயர் அப்படியே இருந்தது. 2009இல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது, இன்னொருவருக்குக் காயம். இன்ஷூரன்ஸ் இல்லை. நான் எப்போதோ விற்றுவிட்டேன் என்றார் முதல் ஆள். ஹைகோர்ட் அதை ஏற்றுக்கொண்டு, பிற்பாடு வாங்கியவரைக் கட்டச் சொன்னது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலைய முடியாது, பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈடு அவருடைய பொறுப்பு. தீர்ப்பு வந்தது ஸ்கூட்டர் திட்டம் தொடங்கிய அதே மாதம்.

ஒரு காலத்தில் பிரீமியம் வைத்து விற்கப்பட்ட பெயர், இப்போது விற்ற பிறகும் கழுத்தைச் சுற்றும் பெயர். வாங்கிய பெண்ணுக்கும் நிம்மதி இல்லை. காசு கொடுத்தது அவள், ஆனால் ஏட்டில் வண்டி அவளுடையது இல்லை. நாளைக்கு வண்டி திருடு போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் கேள்வி, 'நீங்கள் யார்?'

செய்யவேண்டியது மலையைப் புரட்டும் வேலை இல்லை. விற்பவர் படிவம் 29, இரண்டு பேரும் சேர்ந்து படிவம் 30. ஒரே மாநிலம் என்றால் விற்பவர் 14 நாளில் தெரிவிக்கவேண்டும், வாங்குபவருக்கு 30 நாள். வண்டி கடனில் வாங்கியதாக இருந்தால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கும். அவர்களிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வாங்கி அதை நீக்காமல் பெயர் மாறாது. சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் குனிந்து, துடைத்து, ஆர்.சி.யோடு ஒத்துப்பாருங்கள். பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும், அதை நெருங்கும் வண்டிக்கு எஃப்.சி. செலவு காத்திருக்கிறது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய வண்டிகளுக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் சேர்ந்தே வந்தது. அது முடிந்த பிறகு புதுப்பித்தார்களா என்று கேளுங்கள். இன்ஜினைக் காலையில், சூடேறுவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து பார்க்கவேண்டும். நீங்கள் போகும்போதே வண்டி சூடாக இருந்தால், 'சாயங்காலம் வரேன்' என்று கிளம்பிவிடுங்கள்.

தர்மபுரிப் பக்கத்துக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பெங்களூரு வேலைக்குப் போனவர்கள் அங்கிருந்தே வண்டியோடு வருவது இங்கே சகஜம். கே.ஏ. நம்பர், விலை கொஞ்சம் இறங்கிப் பேசுவார்கள். கர்நாடக ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கவேண்டும், சாலை வரி இங்கே தனியாகக் கட்டவேண்டும். விலையில் மிச்சம் பிடித்தது இதில் போய்விடுமா என்று முதலிலேயே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

பழைய வண்டி வியாபாரிகளுக்காக 2022 டிசம்பரில் மத்திய அரசு புது விதி போட்டது, 2023 ஏப்ரல் முதல் அமல். அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியைக் கொடுத்துப் போர்ட்டலில் தெரிவித்துவிட்டால், அது விற்கும்வரை டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். விற்கிறவருக்கு நல்ல காப்பு. டீக்கடை பெஞ்சில் முடியும் வியாபாரத்துக்கு இந்த விதி வராது. அங்கே படிவம் 29ஐயும் 30ஐயும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒன்றாக ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு பஸ் ஏறவேண்டியதுதான். பணத்தில் கடைசி ஐயாயிரத்தை அன்றைக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், விற்பவர் உங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நிற்பார்.