கேட்கப்படாத முறையீடு: கொரியத் திகில் படங்கள் பற்றி ஒரு சிந்தனை

கொரிய நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் பேய்க்கதை ஒன்று உண்டு. இன்றைய வட கொரியாவைச் சேர்ந்த சோல்சான் என்னும் ஊரில், 17-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் கதை அது. ஜாங்ஹ்வா, ஹொங்ரியோன் என இரு சகோதரியர். தாயை இழந்த அவர்களை மாற்றாந்தாய் வெறுக்கிறாள். தோலுரித்த எலி ஒன்றை மூத்தவளின் படுக்கையில் வைத்து, அவள் களவில் கருவுற்றுக் கருவைச் சிதைத்துவிட்டாள் என்று தந்தையை நம்பவைக்கிறாள். குடும்ப மானத்தின் பெயரால் மூத்தவள் குளத்தில் மூழ்கடிக்கப்படுகிறாள். துயரம் தாளாத இளையவளும் அதே குளத்தில் வீழ்ந்து மடிகிறாள். அதன்பின் அவ்வூருக்குப் புதிதாக வரும் அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராக, ஆவியைக் கண்ட அச்சத்தால் இறந்துபோகின்றனர். இறுதியில் துணிவுள்ள ஓர் அதிகாரி வருகிறார். அவரும் ஆவியைக் காண்கிறார். ஆனால் நிலைகுலையாமல் அதன் குறையைக் கேட்கிறார். கருச்சிதைவுக்குச் சான்றாகக் காட்டப்பட்ட பொருளை அறுத்துப் பார்க்கச் செய்கிறார். உள்ளே எலியின் கழிவு இருக்கிறது. பொய் வெளிப்படுகிறது, மாற்றாந்தாய் தண்டிக்கப்படுகிறாள், சகோதரியர் அமைதி அடைகின்றனர்.

தெற்கே மிரியாங் ஊரில் வழங்கும் ஆராங் என்னும் இளம்பெண்ணின் கதையும் இதே போக்கில் அமைந்ததுதான். இக்கதைகளில் வரும் ஆவி அச்சுறுத்துவதற்காக வருவதில்லை, முறையிடுவதற்காக வருகிறது. முந்தைய அதிகாரிகள் இறந்ததற்குக் காரணம் ஆவியின் கொடுமையன்று. அதன் சொல்லைக் கேட்கும் திண்மை அவர்களிடம் இல்லாமையே. ஆற்றப்படாத துயரத்தைக் கொரியர் 'ஹான்' என்று அழைக்கின்றனர். அத்துயரத்திற்குச் செவிசாய்ப்பவன் தோன்றும்போதுதான் கதை முடிவுக்கு வருகிறது. திகிலும் துப்பறிதலும் இங்கே இருவேறு கதைகள் அல்ல, ஒரே கதையின் இரு பகுதிகள் என்பது கருதத்தக்கது.

இந்தப் பழங்கதையை நாம் இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. போங் ஜூன் ஹோ இயக்கிய 'பாரசைட்' 2019-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதையும், 2020-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது. ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒன்று அந்த ஆஸ்கார் விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. அதன்பின் கொரியப் படங்கள் நம் இளைஞரின் கைப்பேசிவரை வந்துவிட்டன. அவற்றுள் திகில் படங்களையும் துப்பறியும் படங்களையும் பார்ப்போர் பலரிடமிருந்து ஒரே குறையை நாம் கேட்கிறோம்: தொடக்கம் நெஞ்சை உலுக்குகிறது, முடிவு ஏமாற்றிவிடுகிறது. நடிப்பிலோ ஒளிப்பதிவிலோ குறை காண்பது அரிது. அப்படியாயின் ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது? ஓர் உண்மையான பாவத்தைக் காட்டித் தொடங்கும் கதை, இறுதியில் அந்தப் பாவத்துக்கு யார் பொறுப்பு என்னும் வினாவைக் கைவிட்டுவிடுகிறது என்பதே நாம் காணும் விடை. இதை அந்நாட்டுத் திரைப்பட வரலாற்றின் வழியே சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

கிம் கி யங் இயக்கிய 'பணிப்பெண்' 1960-இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மாணவர் எழுச்சி ஓர் அரசை வீழ்த்தியிருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. இவ்விரண்டுக்கும் இடையே நிலவிய குறுகிய சுதந்திரக் காலத்தில் பிறந்த படம் இது. ஆலைத் தொழிலாளருக்கு இசை கற்பிக்கும் ஓர் ஆசிரியர், தம் மனைவி தையல் தொழிலில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு இரண்டடுக்கு வீடு ஒன்றை எழுப்புகிறார். அவ்வீட்டுக்கு வேலைக்கு வரும் இளம்பெண்ணோடு அவருக்குத் தகாத உறவு ஏற்படுகிறது. அவள் கருவுற்றதை அறிந்த மனைவி, கரு கலையும்படி அவளை மாடிப்படியிலிருந்து விழச் செய்கிறாள். வேலை போய்விடும், பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்தால் குடும்பம் அனைத்தையும் மறைக்கிறது. அந்த மறைப்பே வீட்டை அழிக்கிறது. வசதியின் மீதும் மதிப்பின் மீதும் கொண்ட ஆசை எவ்வாறு ஓர் ஏழைப் பெண்ணைப் பலியாக்குகிறது என்பதை இத்துணைக் கூர்மையுடன் சொன்ன படங்கள் சிலவே.

ஆனால் முடிவில் என்ன நிகழ்கிறது? நாம் கண்டதெல்லாம் ஒரு செய்தித்தாள் செய்தியைச் சுற்றி எழுந்த கற்பனை என்று படம் திரும்பிக்கொள்கிறது. கணவன் நம்மை நேராகப் பார்த்து, இது எந்த ஆணுக்கும் நேரலாம் என்று சிரித்தபடி எச்சரிக்கிறான். இறந்த பணிப்பெண்ணின் முறையீடு அந்தச் சிரிப்பில் கரைந்துபோகிறது. எஞ்சுவது, ஆண்கள் சபலத்துக்கு இடம்தரலாகாது என்னும் அறிவுரை மட்டுமே. படம் அழியாமல் நிலைத்துவிட்டது உண்மை. கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 2008-இல் அதை மீட்டமைத்தது. எனினும், கதை தன் வழக்கைத் தானே தள்ளுபடி செய்துகொண்ட அந்த முடிவு இன்றும் உறுத்துகிறது.

1962-இல் திரைப்படச் சட்டம் வந்தது. பார்க் சுங் ஹீயின் ஆட்சியில் தணிக்கை இறுகியது. படம் எடுப்பதற்கு முன்பே கதையை அரசிடம் காட்டி இசைவு பெறவேண்டிய நிலையும் ஏற்பட்டது. நிகழ்காலத்து அநீதியைப் பேச இயலாத சூழலில், பேய்க்கதைகள் பழங்காலத்துக்குள் புகுந்துகொண்டன. மேற்கூறிய சகோதரியரின் கதை 1924 தொடங்கிப் பலமுறை படமாக்கப்பட்டது. 1977 முதல் 1989 வரை அரசு சார்ந்த தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'தொன்மங்களின் ஊர்' என்னும் தொடரும் இத்தகைய கதைகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. முன்தணிக்கை அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்த பின்னரே நிலை மாறியது.

தீர்ப்பு வந்த இரண்டாம் ஆண்டில், 1998-இல், பெண்கள் பள்ளி ஒன்றில் நிகழும் 'கிசுகிசுக்கும் தாழ்வாரங்கள்' வெளிவந்தது. மாணவியரை அடிக்கும் ஆசிரியர், மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் முறை, தோழியரைப் பகைவராக்கும் போட்டி ஆகியவற்றை அது மறைக்காமல் காட்டியது. அப்படத்தின் ஆவி, நட்புக்காக ஏங்கி ஆண்டுதோறும் அதே பள்ளியில் மாணவியாக அமர்ந்திருக்கும் ஒரு பெண். அவளிடம் பேசுவதற்கு இறுதியில் ஒருவர் முன்வருகிறார். பழங்கதையின் நல்ல அதிகாரி இங்கே மீண்டும் தோன்றுகிறார் எனலாம். அவ்வரிசையில் 2021 வரை ஆறு படங்கள் வந்தன. பள்ளி அப்படியே இருந்தது. சீருடையும் அப்படியே இருந்தது. ஆனால், அடுத்தடுத்து வந்த படங்கள் சிலவற்றில் முறையீடு மெலிந்து, திடுக்கிடவைக்கும் ஓசையும் நீண்ட கூந்தலுமே மிஞ்சின.

2003-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் மறக்கவொண்ணாதது. அவ்வாண்டில் கிம் ஜீ வூன் பழைய சகோதரியர் கதையை 'இரு சகோதரிகளின் கதை' என்னும் பெயரில் இக்காலத்துக்கு மாற்றித் தந்தார். நாம் கொடியவளாகக் கண்ட மாற்றாந்தாயும், உயிரோடு இருப்பதாக நம்பிய தங்கையும் மூத்தவளின் நொந்த மனம் படைத்துக்கொண்ட உருவங்கள் என்பது பின்னரே தெரியவருகிறது. தங்கை உயிருக்குப் போராடிய வேளையில், கோபத்தால் வீட்டைவிட்டு அகன்ற குற்ற உணர்வே அவளைச் சிதைத்திருக்கிறது. இத்திருப்பம் வெறும் வியப்பைத் தருவதன்று; ஒரு குற்றத்தை நம் முன் நிறுத்துகிறது.

நல்ல துன்பியலில் திருப்பமும் அறிதலும் ஒருங்கே நிகழவேண்டும் என்று அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் விளக்குகிறார். நிலைமை தலைகீழாவது திருப்பம். அறியாமையிலிருந்து அறிவுக்கு வருவது அறிதல். இப்படத்தில் இரண்டும் இணைந்திருந்தன. இதன் வெற்றியைக் கண்டு, கோடைதோறும் வெளிவந்த படங்கள் பலவும் திருப்பத்தை மட்டும் கடன்வாங்கிக்கொண்டன. எல்லாம் கனவு, எல்லாம் பித்து, நல்லவரே கொலைகாரர் என்று முடிந்தன. பார்ப்பவர் வியந்தார், எதையும் அறியவில்லை.

அதே ஆண்டில் வெளிவந்த போங் ஜூன் ஹோவின் 'கொலையின் நினைவுகள்' இதற்கு நேர்மாறானது. ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்ட உண்மை நிகழ்வு அதன் அடிப்படை. சந்தேகத்துக்கு உரியவர்களைக் காவல்துறை அடித்து ஒப்புதல் வாங்குவதையும், போராட்டங்களை அடக்கப் படையினர் சென்றுவிட்டதால் கொலையைத் தடுக்க ஆளில்லாமற்போவதையும் படம் காட்டுகிறது. கொலைகாரன் பிடிபடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அவ்விடத்துக்கு வரும் முன்னாள் காவலர், இறுதியில் நம்மை நேராகப் பார்க்கிறார். 'பணிப்பெண்' படத்திலும் ஒருவன் நம்மைப் பார்த்தான். ஆனால் அவன் சிரித்தான். இவர் தேடுகிறார். அநீதியைக் கதையாகக் கேட்டுச் சினமுற்ற தாவீதிடம், அந்த மனிதர் அவரேதான் என்று இறைவாக்கினர் நாத்தான் சுட்டியது இத்தகைய ஒரு திருப்பமே.

பின்னர் நிகழ்ந்தவை அப்படத்தின் நேர்மைக்குச் சான்றாயின. 2019-இல் மரபணுச் சோதனை உண்மைக் குற்றவாளியைக் காட்டியது. அவன் வேறொரு கொலைக்காக 1990-களிலிருந்தே சிறையில் இருந்தவன். ஹ்வாசோங் கொலைகளுக்குரிய வழக்குக் காலவரம்பு 2006-இலேயே முடிந்துவிட்டதால், அவற்றுக்காக அவனைத் தண்டிக்க இயலவில்லை. அக்கொலைகளுள் ஒன்றுக்காக ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையில் கழித்த வேறொருவர், 2020 டிசம்பரில் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றார். முடிவு சொல்லாத படம், தவறான ஒப்புதல்களைப் பற்றிச் சொன்னது எத்துணை உண்மை!

இனி, நம் கவனத்தைச் சிறப்பாக ஈர்க்கும் படம் ஒன்று. நா ஹொங் ஜின் 2016-இல் எடுத்த 'கோக்சோங்'. ஊரின் பெயராகிய அச்சொல்லே, வேறு எழுத்தில் எழுதினால், அழுகுரல் என்றும் பொருள்படும். உயிர்த்த ஆண்டவரைக் கண்டு ஆவி என்று அஞ்சிய சீடர்களைப் பற்றிய லூக்கா நற்செய்திப் பகுதியுடன் படம் தொடங்குகிறது. ஊரில் அடுத்தடுத்துக் கொடிய சாவுகள். மலையில் தனித்து வாழும் ஜப்பானியர் ஒருவரே காரணம் என்று வதந்தி பரவுகிறது. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாட்டில் அத்தகைய வதந்திக்கு எவ்வளவு வலிமை இருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சான்றின்றி அவர் வீட்டுக்குள் நுழைகிறார்கள். அவருடைய நாயைக் கொல்கிறார்கள். அந்நியர்மேல் கொண்ட ஐயம் நல்லவர்களையும் எவ்வாறு கொடியவராக்குகிறது என்னும் பெரிய கதை இங்கே விரிகிறது. முடிவிலோ, குகையில் அவரைக் காணச் செல்லும் இளம் திருத்தொண்டரின் முன், உள்ளங்கைக் காயங்களைக் காட்டியபடியே அந்த அந்நியர் அலகையின் உருக்கொள்கிறார். ஐயமே இப்படத்தின் பொருள், எனவே தெளிவை எதிர்பார்க்கலாகாது என்பர் சிலர். அதில் நியாயம் உண்டு. ஆயினும், அந்நியர் அலகையாகவே காட்டப்பட்டபின், வதந்தி பரப்பியவர்கள் சரியானவர்கள் ஆகிவிடுகின்றனர். அவர்கள் செய்த கொடுமையைப் பற்றிக் கேட்க எவரும் இல்லை.

ஜாங் ஜே ஹியன் 2024-இல் தந்த 'பாம்யோ' படத்திலும் இதுவே நேர்கிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கொரியர் திரையரங்குகளில் பார்த்த படம் அது. அமெரிக்காவில் வாழும் செல்வக் குடும்பம் ஒன்றைத் துன்புறுத்தும் மூதாதையின் கல்லறையைத் தோண்டுகிறார்கள். அந்த மூதாதை ஜப்பானிய ஆட்சிக்குத் துணைநின்று செழித்தவர். சொந்த மக்களைக் காட்டிக்கொடுத்துச் சேர்த்த செல்வம் பேரப்பிள்ளைகளிடம் என்ன செய்கிறது? இதைவிட அச்சமூட்டும் வினா வேறு உண்டோ? ஆனால், பாதி வழியில் அக்கல்லறையின் அடியில் நிற்கும் நிலையில் புதைக்கப்பட்ட மற்றொரு பெட்டி வெளிப்படுகிறது. அதிலிருந்து ஜப்பானியப் போர்வீரப் பூதம் எழுகிறது. பிந்திய பகுதி முழுவதும் அதனோடு நடக்கும் போராட்டமே. அடிமைப்பட்ட நாட்டின் காயம் உண்மையானது. அதைப் பேசுவது தவறன்று. ஆனால், வீட்டுக்குள் இருந்த குற்றத்தை விசாரிக்கத் தொடங்கிய கதை, குற்றத்தை வெளிநாட்டுப் பூதத்தின் தோளில் ஏற்றிவிட்டு நிம்மதி அடைந்துவிடுகிறது.

இயோன் சாங் ஹோவின் 'பூசானுக்கு இரயில்' 2016-இல் தன்னலத்தை ஒரே இரயிலுக்குள் அடைத்துவைத்துச் சோதித்தது. பிணம்போல் திரிபவர்களைவிட, உயிர்பிழைத்து வந்தவர்களுக்குக் கதவடைத்த பயணிகளே அதில் நம்மை அதிகம் நடுங்கவைத்தனர். 2020-இல் வந்த அதன் தொடர்ச்சியாகிய 'தீபகற்பம்', பணம் ஏற்றிய லாரிக்காகவும் வண்டித் துரத்தல்களுக்காகவும் அந்த வினாவை விட்டுக்கொடுத்தது.

கதை என்பது மறையுரை அல்ல. பொழுதுபோக்கைக் குறை கூறுவது நம் நோக்கமும் அன்று. கதைகள் எல்லாம் நீதி வழங்கித்தான் முடியவேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. 'கொலையின் நினைவுகள்' நீதி கிடைக்காமலேயே முடிகிறது. கதை தானே எழுப்பிய முறையீட்டை மறவாதிருந்தால் போதும். பாவத்தைக் காட்டுவது எளிது. அது யாருடையது என்று கேட்பதே கடினம். அந்தக் கடினமான இடத்தில்தான் திறமைமிக்க இயக்குநர்களும் பூதத்தையோ பித்தையோ கனவையோ துணைக்கு அழைக்கின்றனர்.

இப்படங்களை நம் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கத்தான் போகிறார்கள். பார்த்தபின் அவர்களோடு அமர்ந்து இரண்டு வினாக்களை எழுப்பலாம். இக்கதையில் முறையிட்டவர் யார்? அவர் சொன்னதைக் கேட்டவர் யார்? விடை கிடைக்காத இடத்தில் கதையின் குறை வெளிப்பட்டுவிடும். சோல்சான் ஊருக்கு வந்த அந்தக் கடைசி அதிகாரி அசாதாரணமாக எதையும் செய்துவிடவில்லை. இறந்தவள் பேசும்வரை அமர்ந்திருந்தார். பின்பு, அவள் சொன்னதைச் சோதித்துப் பார்த்தார்.